ராயபுரத்துக்கு வந்த அமெரிக்கப் பேச்சு

போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வைத்தோம். பரண்மேல் கிடந்ததையெல்லாம் இறக்கியபோது, பழைய கல்யாண ஆல்பத்துக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டு கிடைத்தது. பிரித்ததும் பாச்சா உருண்டை வாசனை. மகள் படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போனபோது கம்பெனியில் கொடுத்த பயிற்சிக் குறிப்பு அது. அமெரிக்காவிலிருந்து வரும் போன்களுக்கு ராத்திரியெல்லாம் பதில் சொல்லும் வேலை. சாயங்காலம் திருவொற்றியூர் வீட்டு வாசலுக்கு வேன் வரும், விடிந்தபின் கொண்டுவந்து விடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் வீடு வந்து சேருவாள்.

அந்தக் கட்டில் பக்கம் பக்கமாக இரண்டு பத்திகள். இடப்பக்கம் அமெரிக்கர்கள் வாய்ப்பேச்சில் புழங்கும் சொல். வலப்பக்கம் சட்டை பேன்ட் போட்ட ஆங்கிலத்தில் அதற்குப் பொருள். இதை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். ஓரத்தில் மகள் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைத்தான் பார்த்ததில்லை. ‘சில் அவுட்’ என்பதற்கு எதிரே ‘கம்முனு கெட’. ‘க்ராஸ்’ என்பதற்கு ‘கலீஜ்’. ‘ஃப்ரீபீ’ என்பதற்கு ‘ஓ.சி.’. ‘ஹேங் அவுட்’ என்பதற்கு ‘சொம்மா குந்திகினு கீறது’. யாரோ கொடுத்த வாக்கை விட்டுவிட்டுப் பின்வாங்குவதைச் சொல்லும் ஒரு சொல்லுக்கு ‘ஜகா வாங்கறது’. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவன் பேச்சு இவளுக்கு மனப்பாடம் ஆனது ராயபுரத்துப் பாட்டி வாயால்தான் என்று அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தபோது தெரிந்தது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் ஏணியில் நின்றபடி, “இன்னாபா தனியா சிரிச்சிக்கினு கீற?” என்று கேட்டார்.

சில சொற்களுக்கு எதிரே மட்டும் பென்சில் இல்லை. ‘ரெயின் செக்’, ‘பால்பார்க் ஃபிகர்’, ‘கர்வ் பால்’, ‘டச் பேஸ்’. எல்லாம் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து பிறந்தவை. மழையால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்க அங்கே சீட்டு கொடுப்பார்களாம். அதுதான் ரெயின் செக். இப்போது அவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால்கூட “இன்னொரு நாள் வருகிறேன்” என்பதற்கு அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் மகள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. “அப்பா, இதுக்கு நம்ம ஊர்ல இன்னா சொல்லுவாங்க?” நான் சொன்னேன்: “நம்ம ஊர்ல மழைல ஆட்டம் நின்னா துட்டு போச்சும்மா, அவ்ளோதான்.”

ராயபுரத்தில் யாரும் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. எங்களுக்கு குத்துச்சண்டையும் கேரமும்தான். எந்த வாத்தியாரிடம் குத்து கற்றாய் என்பதை ‘நீ எந்தப் பரம்பரை?’ என்று கேட்ட ஊர். சார்பட்டா, இடியாப்பம் என்ற பரம்பரைப் பெயர்களை 2021இல் வந்த படம் உலகத்துக்கே சொல்லிவிட்டது. கேரம் இன்னும் நெருக்கம். மரத்தடி, டீக்கடை வாசல், முனை வீட்டுத் திண்ணை என்று பலகை இல்லாத தெரு கிடையாது. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்தாற்போல் இன்னொரு காய் போட்டால்தான் அது கணக்கில் சேரும். அதற்கு ‘ஃபாலோ’ என்று பெயர். கூட்டாளி ஒருவன் பெண் பார்த்துவிட்டு வந்தான். “என்னடா ஆச்சு?” என்றோம். “ரெட்டு போட்டாச்சு, ஃபாலோ இன்னும் போடல” என்றான். பெண் வீட்டார் சரி என்றுவிட்டார்கள், இவன் அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தபோது, எங்கள் பக்கத்துப் பெரிசுகள் அத்தனை பேரும் தாங்களே போட்ட காய்போல மீசையை முறுக்கினார்கள்.

எனக்கு முதன்முதலில் அமெரிக்கா வந்து சேர்ந்தது போனில் அல்ல, சாக்கில். நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க். ஆம், அப்பாவை நாங்கள் நைனா என்போம். தெலுங்குச் சொல். எங்கள் தெருவில் தெலுங்கு பேசாதவர்கள் வீட்டிலும் அப்பாவுக்கு அதுதான் பெயர். என் மகள் ஏனோ என்னை ‘அப்பா’ என்றே பழகிவிட்டாள். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது நைனாவின் வேலை. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. 1954இல் அமெரிக்கா போட்ட பி.எல்.480 சட்டத்தின் கீழ் வந்த கோதுமை அறுபதுகளில் மெட்ராஸ் துறைமுகத்திலும் மலைமலையாக இறங்கியது. கிழிந்துபோன காலிச் சாக்கு ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து, வாசலில் கால் துடைக்கக் கிடந்தது. அதன்மேல் இருந்த எழுத்துகளைக் கூட்டித்தான் நான் ‘யூ.எஸ்.ஏ.’ படித்தேன். ரேஷனில் அந்தக் கோதுமையை வாங்கிக் கஞ்சி காய்ச்சிய அம்மா, “அமெரிக்காக்காரன் இத்த எப்பிடித்தான் துன்றானோ” என்பாள். பள்ளிக்கூடத்தில் போட்ட பால் பவுடர் டின்னிலும் அதே ஊர். நாங்கள் அந்தப் பவுடரைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், நக்கி நக்கி மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு பேச முடியாமல் திரிவோம்.

நைனாவுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் துறைமுகக் கேட் வரை போவேன். அங்கே தெரிந்த வாட்ச்மேன் இருந்தால் உள்ளேயும் போகலாம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கப்பல்மேல் ஒருவர் நின்று கையை ஆட்டி, “ஆபீஸ்... ஆபீஸ்...” என்று கத்துவார். விஞ்சு முனகும். ஒரு சிலிங்கு மூட்டை வானத்துக்குப் போகும். கரைக்கு மேலே வந்ததும் குரல் மாறும்: “ஆரியா... ஆரியா...” மூட்டை மெல்ல இறங்கும். ஏற்று என்பதற்கு ஒன்று, இறக்கு என்பதற்கு ஒன்று. அந்த ‘ஆரியா’ போர்த்துகீசிய மாலுமிகள் விட்டுப்போன சொல். ‘இறக்கு’ என்று அவர்கள் பாய்மரக் காலத்தில் கத்தியதை, ராயபுரத்து ஆள் கிரேன் காலத்திலும் கத்திக்கொண்டிருந்தார். மாலுமிகளின் தலைவரான செராங்கு பாரசீகத்திலிருந்து வந்தவர், மேஸ்திரி போர்த்துகீசியத்திலிருந்து வந்தவர். தாமஸ் ரோபக் என்ற வெள்ளைக்காரர் இப்படிப்பட்ட கப்பல் சொற்களையெல்லாம் தொகுத்து 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதியே அச்சிட்டிருக்கிறார். இந்திய மாலுமிகளிடம் வேலை வாங்க வேண்டிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கான கையேடு அது. என் மகளுக்குக் கிடைத்த ஸ்பைரல் கட்டுக்கு அது தாத்தாவின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, அப்போது படிக்க வேண்டியவன் வெள்ளைக்காரனாக இருந்தான்.

அதைவிடப் பெரியது 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஏ.சி. பர்னலும் சேர்ந்து தொகுத்த வட்டாரச் சொல் களஞ்சியம். அதன் பெயரே முகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு எழுப்பும் ‘யா ஹசன், யா ஹுசேன்’ குரல் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் காதில் விழுந்த விதம்தான். நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் அதில் உண்டு. அவர்கள் நம் சொல்லைத் தப்பாகக் கேட்டு எழுதினால் அது அகராதி ஆகிறது. நாம் அவர்கள் சொல்லைத் தப்பாகக் கேட்டுப் பேசினால் அது கொச்சை ஆகிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பேஜார்தான்.

எங்கள் பேச்சில் கடல் வழியாக வந்த சொல் எது, தரை வழியாக வந்தது எது என்று பிரிக்க உட்கார்ந்தால் பொழுது போதாது. பேஜார், கலீஜ், பேமானி, குஜால், நாஷ்டா எல்லாம் உருது. ‘துட்டு’ டச்சுக்காரனுடையது. அவர்களின் ‘டாய்ட்’ என்ற செப்புக்காசு. எண்ணூரிலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் வரும் பழவேற்காட்டில் அவர்கள் 1613இல் கோட்டை கட்டி, அங்கேயே காசும் அடித்தார்கள். கோட்டை இடிந்து, கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. துட்டு மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. அமெரிக்கர்கள் டாலரை ‘பக்’ என்பதற்கும் இதே மாதிரிக் கதைதான். காசு தட்டுப்பாடான காலத்தில் காட்டோர வியாபாரத்தில் மான் தோலைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். மான் போய்விட்டது, பெயர் நிற்கிறது. மகள் ‘பக்ஸ்’ என்பதற்கு எதிரே ‘துட்டு’ என்று எழுதியிருந்தது எவ்வளவு பொருத்தம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் இந்த இரண்டெழுத்துக்காரர்கள். ‘கேடி’ என்று ஒருவனைத் திட்டுகிறோம். அது ‘நோன் டெப்ரடேட்டர்’ என்ற போலீஸ் ரிஜிஸ்டர் தலைப்பின் முதலெழுத்துகள். அடிக்கடி திருடி மாட்டுகிறவர்களின் பெயர் ஏறும் புத்தகம். ‘ஓ.சி.’ கிழக்கிந்தியக் கம்பெனியின் தபாலில் முத்திரை குத்தி, காசில்லாமல் அனுப்பியதிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’. உலகம் முழுக்கப் புழங்கும் அமெரிக்க ‘ஓ.கே.’யின் கதை இவை இரண்டையும்விடச் சிரிப்பானது. 1839இல் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு சொற்களைச் சுருக்கி விளையாடினார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதைத் தப்புத் தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளைப் போட்டதுதான் ஓ.கே. ஆக, இன்று நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவனும் சொல்கிற சொல் ஒரு வெட்டி அரட்டையில் பிறந்தது. கொச்சை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இதையும் சொல்லாமல் இருக்கட்டும் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ‘எம்டன்’. ரொம்பக் கறாரான ஆளை, யாருக்கும் பிடி கொடுக்காத கில்லாடியை எங்கள் பக்கம் எம்டன் என்பார்கள். நைனாவின் மேலதிகாரி ஒருவருக்கு அந்தப் பட்டம் உண்டு. அவர் தூரத்தில் வருகிறபோதே கலாசிகள் ஒருவருக்கொருவர் “எம்டன் வருது, எம்டன் வருது” என்று கிசுகிசுத்துப் பீடியை அணைப்பார்களாம். வீட்டில் அந்தப் பட்டம் ஆயாவுக்கு. கொழுக்கட்டைப் பூரணத்தை எந்த டப்பாவில் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிற என் தம்பிக்கும் கொஞ்ச நாள் அந்தப் பெயர் இருந்தது.

அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதை இருட்டில் மெட்ராஸ் கரைக்கு அருகில் கொண்டுவந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டார். அரை மணி நேரத்துக்குள் 130 குண்டுகள் போல. தொட்டிகள் பற்றி எரிந்த வெளிச்சம் ஊர் முழுக்கத் தெரிந்தது. வந்த சுவடு தெரியாமல் கப்பல் போய்விட்டது. அதற்கு அடுத்த நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆயா அப்போது பிறக்கவில்லை. ஆனால் தன் மாமியார் கைக்குழந்தையையும் வெண்கலப் பானையையும் தூக்கிக்கொண்டு பொன்னேரி வரை நடந்தே போன கதையை, ஏதோ தானே கூட நடந்தது மாதிரிச் சொல்வாள். “பானைய ஏன் ஆயா தூக்கினாங்க?” என்றால், “அப்பால சோறு எதுல ஆக்கறதாம்?” என்பாள். அதே வருடம் நவம்பர் 9ஆம் தேதி கொகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனை அடித்து வீழ்த்தியது. ஹைகோர்ட்டின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்ததற்கு ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமத்திலும் எம்டன் என்றால் புரியும். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் வரி விலக்கு என்ற காலம் அது. படம் ‘எம் மகன்’ என்று மாறி வெளிவந்தது. தொண்ணூறு வருடம் தமிழனோடு குடித்தனம் நடத்திய சொல்லுக்குக் கடைசி நேரத்தில் ரேஷன் கார்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் பேச்சுக்கு மரியாதை இல்லை. தமிழ் ஐயா நல்லவர், ஆனால் ‘இஸ்துகினு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் கைப்பிரம்பு தானாக எழுந்துவிடும். “இழுத்துக்கொண்டு! எங்கே சொல்லு, இழுத்துக்கொண்டு!” சொல்வோம். மணி அடித்து வெளியே வந்ததும், “பைய இஸ்துகினு வாடா” என்போம். வீட்டில் அம்மா இன்னொரு சட்டம் போட்டிருந்தாள். உறவுக்காரர்கள் தெற்கத்திப் பக்கமிருந்து வந்தால் ‘குந்து’ என்று சொல்லக் கூடாது, ‘உக்காருங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அந்தாண்ட’ கூடாது. ‘இன்னா’ கூடவே கூடாது. வந்தவர்கள் கிளம்பும் வரை நாங்கள் நாக்கைக் கட்டிக்கொண்டு நடமாடுவோம். அவர்கள் ரயிலேறியதும் முதல் ஆளாக அம்மாதான், “அப்பாடா, போய்க்கினாங்கபா” என்று மூச்சு விடுவாள்.

ஐயாவிடம் ஒன்று மட்டும் எனக்கு நன்றி உண்டு. ஒருநாள் இரண்டு பையன்கள் சண்டையில் ‘கஸ்மாலம்’ என்று கத்திக்கொண்டார்கள். அடி நிச்சயம் என்று வகுப்பே காத்திருந்தது. அவர் சிரித்துவிட்டு, “இது கீதையில் கண்ணன் அர்ச்சுனனிடம் சொன்ன சொல்லடா, இரண்டாம் அத்தியாயம்” என்றார். மனக்கலக்கம், அழுக்கு என்று பொருள். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு எங்கள் வகுப்பில் தனி அந்தஸ்து வந்துவிட்டது. ‘வலி’ என்பதும் அப்படித்தான். ரிக்‌ஷா வலிக்கிறார், துடுப்பு வலிக்கிறார் என்று எங்கள் பக்கம் சொல்வது பழைய தமிழ். 1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்து எல்லாருக்கும் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்த பிறகும், கல்மண்டபம் ஸ்டாண்டில் இருந்த தாத்தா தான் மிதிப்பதாகச் சொன்னதே இல்லை. “இன்னிக்கு இன்னா தாத்தா சவாரி?” என்றால் “எங்க, ஒண்ணுதான் வலிச்சேன்” என்பார். ‘ஊட்டாண்ட’ என்பதில் ஒளிந்திருப்பது ‘அண்டை’. ‘அப்பால’ என்பது அப்படியே புலவர் சொல். தண்டையார்பேட்டை என்ற பெயரைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டியிலிருந்து வந்து அங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் தொண்டியார் என்று அழைத்ததால் வந்தது என்று சொல்வார்கள். ஒரு சூஃபிப் பாவலர் வாழ்ந்த பேட்டை அது, ஊரார் அதை ரவுடிப் பேட்டை என்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் எனக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்போது அந்த நெடுஞ்சாலையே சங்கு ஊதித்தான் விழிக்கும், சங்கு ஊதித்தான் தூங்கும். தீப்பெட்டி விம்கோ, மோட்டார் சைக்கிள் என்ஃபீல்ட், எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்ட், அதற்கு மேலே அனல்மின் நிலையம். நாலு திசையிலிருந்தும் ஆள் வந்து ஒரு ஷிப்டில் சேர்ந்தார்கள். நெல்லூர்க்காரர், ஆற்காட்டு பாய், பாலக்காட்டு நாயர், பர்மாவிலிருந்து திரும்பியவர், எங்களைப் போல மண்ணின் ஆட்கள். லேத் சத்தத்தில் நீளமாகப் பேசினால் காதில் விழாது. ஒரே சொல்லில் முடிக்க வேண்டும். கேன்டீனில் ‘நாஷ்டா’ என்றால் எல்லாருக்கும் நாக்கு ஊறும். ‘சுளுவு’ என்றால் எல்லாருக்கும் தெரியும், அது தெலுங்கு. மெட்ராஸ் பாஷை படிக்காதவன் கெடுத்த தமிழ் என்கிறவர்கள் ஒருநாளாவது அந்த ஷாப்ஃப்ளோரில் நின்றிருக்க வேண்டும். தாய்மொழி வேறு வேறான மனிதர்கள் விபத்தில்லாமல் ஒன்றாக வேலை செய்யத் தட்டிக்கொட்டிச் செய்துகொண்ட பேச்சு அது.

எண்ணூர் மீனவர்களும் எங்களோடு வேலை பார்த்தார்கள். அவர்கள் பேச்சு இன்னொரு உலகம். காலையில் கேட்டில் நுழையும்போதே கடலை ஒரு பார்வை பார்த்து, “இன்னிக்கு வன்னி ஓடுது” என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, எதிராக ஓடினால் தெண்டி. ஃபோர்மேன் முறைத்துக்கொண்டிருந்தால், “அவர்கிட்ட இப்ப போவாத, வன்னி ஓடுது” என்றும் சொல்வார்கள். மனிதனின் மனநிலையைச் சொல்ல அவர்களுக்குக் கடலைவிட்டால் வேறு உவமை தேவைப்படவில்லை.

சினிமா எங்கள் பேச்சை எடுத்துக்கொண்டது சிரிப்புக்கு. தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு 1958இல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக வந்து பேசியதைக் கேட்டு எங்கள் ஆட்களே வாய் பிளந்தார்கள். அப்படி ஒரு காது அவருக்கு. அதன்பின் வந்த படங்களில் எங்கள் பேச்சைப் பேசுகிறவர் ஒன்று கோமாளி, இல்லை கத்தி எடுப்பவர். ஜெயகாந்தன் ஒருவர்தான் அந்த வாய்மொழிக்குள் அழுகையும் ரோஷமும் தர்க்கமும் உண்டு என்று கதைகளில் காட்டினார். இப்போது காலம் மாறிவிட்டது. ‘மெர்சல்’ 2017இல், ‘பிகில்’ 2019இல், இரண்டும் பெரிய நடிகரின் படப் பெயர்கள். சந்தோஷம்தான். ஆனால் நூறு அடி கட்அவுட்டில் ஏறிய அந்தச் சொல்லை எங்கள் தெருப் பையன் வேலைக்கான இன்டர்வியூவில் தவறிச் சொன்னால் கதை அத்தோடு முடிந்தது. வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில், முகவரியில் வியாசர்பாடி, காசிமேடு என்று இருப்பதைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் புருவம் ஏறியதை என் வீட்டுப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் அந்த ஸ்பைரல் கட்டு என்னை உறுத்துகிறது. அமெரிக்கத் தெருப்பேச்சும் இதே மாதிரிதான் பிறந்தது. துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் ஆட்டக் களத்திலும் கறுப்பர் குடியிருப்புகளிலும். இன்று எல்.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லும் ‘கூல்’ கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞர்கள் புழங்கிப் பரவிய சொல். எங்கள் கானாப் பாடகர்கள் சாவு வீட்டிலும் சந்து முனையிலும் பாடிப் பரப்பியது போலத்தான். அங்கே பிறந்த கொச்சையை நாம் சம்பளம் கொடுத்து, வகுப்பு வைத்து, அர்த்தம் எழுதி, உச்சரிப்புத் திருத்திப் படிக்கிறோம். இங்கே பிறந்ததைப் பிரம்பால் அடித்துத் திருத்துகிறோம். சரக்கு ஒன்றுதான். எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்பதில்தான் மரியாதை.

துறைமுகத்தில் சத்தம் ஓய்ந்து வெகுநாளாகிறது. 1983இல் இந்திரா காந்தி வந்து கன்டெய்னர் முனையத்தைத் திறந்துவைத்தார். இரும்புப் பெட்டிக்கு யாரும் ‘ஆபீஸ்’ சொல்ல வேண்டியதில்லை. மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஒருவர் விசை அமுக்கினால் போதும். தோளில் கொக்கி மாட்டிய ஆட்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கே போயின. ராயபுரத்துக் கொடிக்கயிற்றில் காயப்போட்ட வேட்டியில் கரி படிவது குறைந்தது, அது நல்லதுதான். எண்ணூர் அனல்மின் நிலையமும் 2017இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலைகளில் பாதி பெயரளவில் பஸ் நிறுத்தமாகவும் ரயில் நிலையமாகவும் மிஞ்சியிருக்கின்றன. தொழில் போனபோது தொழிலின் சொல்லும் போனது. ‘ஆரியா’ என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு நடிகர் ஞாபகம்தான் வருகிறது.

ஆனால் புதுச் சொல் வந்து இறங்குவது நிற்கவில்லை. துறைமுகம் இடம் மாறிப் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. சாயங்காலம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் பேச்சைக் கேட்டால், ‘ப்ரோ’, ‘க்ரிஞ்ச்’, ‘வைப்’ என்று நேற்று அமெரிக்காவில் முளைத்தது இன்று காசிமேட்டில் இருக்கிறது. போன வாரம் ஒருவன் சொன்னான்: “செம வைப்புபா, சொம்மா குந்திகினு வைப் பண்ணிகினு கீறோம்.” எனக்குக் கொஞ்சமும் கவலை வரவில்லை. ‘பண்ணிகினு’ பத்திரமாக இருக்கிறதே. துட்டையும் பேஜாரையும் பிகிலையும் விழுங்கிச் செரித்த வாய் ‘வைப்’பையும் செரித்துவிடும்.

மகளிடம் வீடியோ காலில் அந்தக் கட்டைக் காட்டினேன். “இன்னுமா அத்த வெச்சிகினு கீறீங்க? தூக்கிப் போடுங்கப்பா” என்றாள். போடவில்லை. பென்சில் எழுத்து மங்கும் முன் அதையெல்லாம் ஒரு நோட்டில் பேனாவால் எடுத்தெழுதிக்கொண்டிருக்கிறேன். கூடவே நைனா சொன்ன டாலி சொற்கள், ஆயாவின் எம்டன் கதை, எண்ணூர்க்காரர்களின் வன்னியும் தெண்டியும்.

உங்கள் வீட்டிலும் துறைமுகத்திலோ பின்னி மில்லிலோ திருவொற்றியூர் ஆலையிலோ உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருப்பார். அவரிடம் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, வேலையில் எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இந்த மழைக்காலத்துக்குள் கேளுங்கள். அவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது.